நீதிமன்றப் படி ஏறுமுன்னே



தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். ஒரே குடும்பத்தின் கதை மூன்று புத்தகங்களில் சிதறிக் கிடக்கும். அப்பா எத்தனை நாள் வேலைக்கு வரவில்லை என்பது கிராணியாரின் செக்ரோலில் இருக்கும். அம்மா தலைவலிக்கும் தூக்கமின்மைக்கும் எத்தனை முறை மருந்து வாங்கினாள் என்பது டிரெஸரின் நோட்டில் இருக்கும். பிள்ளை மட்டம் போட்ட கணக்கு வாத்தியாரிடம். மூன்றையும் ஒரே மேசையில் யாரும் விரித்துப் பார்த்ததில்லை. வீட்டில் ஏதோ சரியில்லை என்பது, சண்டைச் சத்தம் லயம் முழுக்கக் கேட்ட பிறகுதான் தெரியவரும்.

அப்படிப்பட்ட புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்த ஒரு நாட்டைப் பற்றி இன்று சொல்கிறேன். பிரிட்டனின் மேற்குப் பக்கத்தில் உள்ள வேல்ஸ். சுமார் 31 லட்சம் மக்கள். நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்த ஊர்கள் அங்கே நிறைய. நம் லயங்களைப் போலவே வரிசை வீடுகள்.

அங்குள்ள ஸ்வான்சீ பல்கலைக்கழகத்தில் 2007-ஆம் ஆண்டு முதல் 'செயில்' என்ற கம்ப்யூட்டர்ப் பெட்டகம் இயங்குகிறது. ஆஸ்பத்திரி, குடும்ப டாக்டர் ஆகியோரின் பதிவுகள் அதில் சேர்கின்றன. நீதிமன்றத்தில் பிள்ளைகளின் நலனுக்காகப் பேசும் காஃப்காஸ் கம்ரி என்ற அமைப்பின் பதிவுகளும் பிறகு சேர்ந்தன. "ஐயோ, நம் குடும்ப ரகசியம் கடைத்தெருவுக்கு வந்துவிடுமே!" என்று நீங்கள் பதறுவது எனக்குக் கேட்கிறது. எனக்கும் முதலில் அந்தப் பயம்தான். பதிவுகள் பல்கலைக்கழகத்துக்கு வருமுன்னே, சுகாதாரத் துறையைச் சேர்ந்த வேறோர் அலுவலகம் பெயரையும் விலாசத்தையும் நீக்கிவிட்டு, ஒரு குறியீட்டு எண்ணைப் போட்டுவிடுகிறது. பெயர் தெரிந்தவர்களுக்கு நோய் தெரியாது. நோய் தெரிந்தவர்களுக்குப் பெயர் தெரியாது.

இப்படிச் சேர்த்துப் பார்த்ததில் என்ன தெரிந்தது? குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள், "இந்தத் தாயிடம் பிள்ளை இருப்பது ஆபத்து" என்று அரசாங்கம் வழக்குப் போட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களைப் பற்றி 2020-இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் பாதிப்பேருக்கு மேல், கர்ப்பத்தின் முதல் பரிசோதனையிலேயே தங்களுக்கு மனநோய்த் தொல்லை உண்டு என்று சொல்லியிருந்தார்கள். நர்ஸ் எழுதியும் வைத்திருந்தாள்.

இதைப் படித்தபோது எனக்கு மனம் கனத்துவிட்டது. வழக்கு வந்துவிட்டால் 26 வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அங்கே 2014-இல் வந்த சட்டம். நெடுநாளைய மனச்சோர்வு தீர அது போதுமா? பிள்ளை வயிற்றில் இருந்த மாதங்கள் அல்லவா கைகொடுக்க வேண்டிய மாதங்கள்!

பிரிந்துபோன கணவனும் மனைவியும் பிள்ளை யாரிடம் இருப்பது என்று போராடும் வழக்குகளையும் பார்த்தார்கள். அதே வயதில், அதே வசதியில் வாழும் மற்றவர்களோடு ஒப்பிட்டு 2021-இல் எழுதினார்கள். நீதிமன்றம் வந்தவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாக இருந்தன. தாய்க்கு மட்டுமல்ல, தகப்பனுக்கும்தான். ஆண்பிள்ளை அழமாட்டான் என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

நோயால் குடும்பம் உடைந்ததா, உடைந்ததால் நோய் வந்ததா என்பதை இந்தக் கணக்கு மட்டும் சொல்லிவிடாது. இன்னொன்றும் உண்டு. டாக்டரிடம் போனவர்களின் கதைதான் பதிவில் இருக்கும். முகத்தில் காயத்தோடு போய், "குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன்" என்று சொன்னால், வழுக்கி விழுந்தாள் என்றுதான் எழுதுவார்கள். எத்தனை கம்ப்யூட்டர் சேர்ந்தாலும் அந்தப் பொய்யை மெய்யாக்க முடியாது.

"அப்படியானால் என் புருஷனின் வக்கீல் அந்தப் பெட்டகத்தைத் திறந்து என் நோயைக் காட்டிப் பிள்ளையைப் பறிப்பாரா?" என்று ஒருத்தி கேட்கலாம். முடியாது. ஆய்வாளர்கள்கூட உத்தரவு பெற்றுத்தான் உள்ளே பார்க்கலாம். ஆளை அடையாளம் காட்டும்படியான சிறிய எண்ணிக்கையைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. அங்கே அவள் பெயரே இல்லை.