விடுதலைக்குக் காசு கட்டியவர்கள்

பிரெஞ்சுப் புரட்சி என்றதும் பாடப்புத்தகம் நம் மண்டையில் மாட்டி வைத்த படங்கள் மூன்று. உடைபடும் பாஸ்டில் கோட்டை. ரொட்டி இல்லையென்றால் கேக் தின்னச் சொன்ன ராணி. மேலிருந்து விழும் கத்தி. 1789 ஜூலை 14 அன்று பாஸ்டிலுக்குள் இருந்த கைதிகள் ஏழே பேர். அந்த ராணி கேக் கதையைச் சொன்னதற்கு ஆதாரமே கிடையாது. அவள் சிறுமியாக இருந்த காலத்திலேயே யாரோ ஒரு இளவரசியின் பேரில் ரூசோ எழுதி வைத்துவிட்ட கதை அது. கத்தி மட்டும் உண்மை. பாடப்புத்தகமும் அந்தக் கத்தியோடேயே நின்றுவிடுகிறது.

எனக்கு வேறு கேள்வி. எல்லாம் முடிந்த பிறகு கணக்கை யார் தீர்த்தார்கள்? கவிதை எழுதுகிறவன் என்றாலும் நான் வங்கியில் குமாஸ்தா. பகல் பூராவும் பேரேட்டில் குனிந்து கிடக்கிறவன். ஒரு பக்கம் பற்று விழுந்தால் எங்கோ ஒரு பக்கம் வரவு விழுந்தாக வேண்டும் என்று எனக்குப் பழக்கமாகிவிட்டது.

புரட்சி ஆரம்பித்ததே ஒரு கணக்குப் புத்தகத்தில்தான். 1788-ல் பிரெஞ்சு அரசின் வரவு சுமார் 50 கோடி லிவர், செலவு சுமார் 63 கோடி. அந்தச் செலவில் பாதி பழைய கடனுக்கு வட்டி. இங்கிலாந்துக்கு எதிராக அமெரிக்கர்களுக்கு உதவப் போய் யுத்தத்தில் கொட்டியது மட்டும் 100 கோடிக்கு மேல். ஜெனீவாவிலிருந்து வந்த வங்கிக்காரர் நெக்கர், நிதியமைச்சர் வேலை பார்த்தபோது 1781-ல் ஒரு வரவு செலவு அறிக்கையை அச்சிட்டு ஊருக்கெல்லாம் விட்டார். ஒரு கோடி லிவர் உபரி என்றது அது. எப்படி? யுத்தச் செலவை 'விசேஷச் செலவு' என்று தனியே ஒதுக்கிவிட்டார், அவ்வளவுதான். இந்த வித்தை எனக்குப் புதுசில்லை.

வட்டி கட்டப் பணம் வேண்டும். நிலம் வைத்திருந்த பிரபுக்களும் தேவாலயமும் பெரும்பாலான நேரடி வரியிலிருந்து தப்பித்திருந்தார்கள். குடியானவன் அரசனுக்கு வரி, தேவாலயத்துக்குத் தசமபாகம், உப்புக்கு வரி, பிரபுவுக்குப் பணம், தானியம், சில இடங்களில் வெட்டிவேலை எனக் கட்டினான். பிரபுவின் ஆலையில்தான் மாவரைக்க வேண்டும், பிரபுவின் அடுப்பில்தான் ரொட்டி சுட வேண்டும், அதற்கும் காசு. 1788 ஜூலையில் பேய் மாதிரி ஆலங்கட்டி மழை. விளைச்சல் போச்சு. மறுவருஷம் பாரிசில் கூலிக்காரன் சம்பாத்தியத்தில் பாதிக்கு மேல் ரொட்டிக்கே போனது. இந்த நேரத்தில்தான், 1614-க்குப் பிறகு கூடவே கூடாத மூன்று பிரிவுகளின் சபையை அரசன் கூட்டினான். மக்கள் மேல் பாசம் வந்து கூட்டவில்லை. வட்டிக்கு வழியில்லாமல் கூட்டினான்.

மிச்சம் தெரிந்த கதை. ஆகஸ்ட் 4 இரவுக்கு வருகிறேன். கிராமங்களில் பிரபுக்களின் மாளிகைகள் எரிந்துகொண்டிருந்தன. குடியானவர்கள் முதலில் தேடியது பொன்னை அல்ல, பத்திரங்களை. யார் யாருக்கு என்னென்ன கட்ட வேண்டும் என்று எழுதிய தோல் சுருள்களை முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். வெர்சாயில் கூடியிருந்த பிரபுக்களுக்கு அந்தப் புகை மூக்கில் ஏறியது. ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து உரிமைகளைத் துறந்தார்கள், கண்ணீர் விட்டார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நிலப்பிரபுத்துவம் முற்றாக ஒழிந்தது என்று தீர்மானம் போட்டார்கள்.

விடிந்ததும் தெளிந்துவிட்டது. ஆள் மீதான அடிமைக் கடமைகள் இலவசமாக ரத்து. நிலத்தின் மீதான கடமைகள் மட்டும் சொத்தாம், அதனால் விலை கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டுமாம். 1790 மே மாதம் விலைப்பட்டியல் வந்தது. பணமாகக் கட்டுவதென்றால் ஆண்டுத் தொகையைப் போல் 20 மடங்கு, தானியமாக அளப்பதென்றால் 25 மடங்கு. இதற்குக் கடன் கொடுக்க ஆளும் இல்லை. குடியானவன் பதில் எழுத்தில் வரவில்லை. கட்டாமல் விட்டான். கேட்க வந்தவனை விரட்டினான். மூன்று வருஷம் இப்படிப் போய், 1792 ஆகஸ்டில் மூலப்பத்திரத்தைக் காட்டினால்தான் பாக்கி கேட்கலாம் என்று சட்டம் இறங்கி வந்தது. 1793 ஜூலை 17 அன்று ஒரு காசு இழப்பீடும் இல்லாமல் எல்லாம் ரத்து, மிச்சப் பத்திரங்களையும் எரித்துவிடு என்றது. நம் தோழர்கள் பலர் இந்தப் பெருமையை யாக்கோபின்கள் கணக்கில் வரவு வைக்கிறார்கள். நான் கட்ட மறுத்தவன் கணக்கில் வைக்கிறேன்.

தேவாலய நிலத்தைப் பறித்து, அதன் பேரில் அசிஞா என்ற காகிதப் பணத்தை அச்சிட்ட கதை தனிக் கதை. மதிப்பு மண்ணாகி, 1796-ல் பாரிஸ் சதுக்கத்தில் அச்சுத் தகடுகளையே எரித்தார்கள். மதிப்பிழந்த காகிதத்தைத் தவணையாகக் கொடுத்து நிலம் வாங்கியவன் பிழைத்தான். கூலியை அதே காகிதத்தில் வாங்கியவன் பட்டினி கிடந்தான். அந்த வருஷங்களில் கவுன்டரில் உட்கார்ந்து அதை எண்ணியவர்களை நினைத்தாலும் எனக்குப் பாவமாகத்தான் இருக்கிறது.

மனிதர்கள் உரிமையில் சமமாகப் பிறக்கிறார்கள் என்று 1789 ஆகஸ்டில் அறிவித்த அதே சபை, டிசம்பரில் குடிமக்களை இரண்டாகப் பிரித்தது. மூன்று நாள் கூலிக்குச் சமமான நேரடி வரி கட்டுகிறவன் செயலுள்ள குடிமகன், அவனுக்கு ஓட்டு. கட்ட வக்கில்லாதவன், வீட்டு வேலைக்காரன் எல்லாம் செயலற்ற குடிமக்கள். பெண்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அக்டோபரில் அரசனை வெர்சாயிலிருந்து பாரிசுக்கு இழுத்து வந்தவர்களே பெண்கள்தான், போய்யா! பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதிய ஒலிம்ப் த கூழ் 1793 நவம்பரில் தலை வெட்டப்பட்டார். பிரெஞ்சுப் பெண்ணுக்கு ஓட்டுரிமை கிடைத்தது 1944-ல்.

இந்த இதழின் வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கூட்டம் உண்டு. பிரான்சின் தென்மேற்கில், பிரனே மலையடிவாரத்தில் 'ககோ' என்ற மக்கள். நிறம் வேறில்லை, மொழி வேறில்லை, மதமும் வேறில்லை. ஏன் ஒதுக்கினார்கள் என்று ஒதுக்கியவர்களுக்கே தெரியாது. ஊருக்கு வெளியே குடியிருப்பு. தேவாலயத்துக்குள் நுழையத் தாழ்ந்த பக்கவாசல், தீர்த்தத் தொட்டி தனி, இடுகாடு தனி. வெளியே திருமணம் செய்யக் கூடாது. பல ஊர்களில் தச்சு வேலையைத் தவிர வேறு தொழில் கிடையாது. உடையில் வாத்துக்காலைத் துணியில் வெட்டித் தைத்துக்கொள்ள வேண்டும் என்ற விதி இருந்தது. ஞானஸ்நானப் பதிவேட்டில் குழந்தையின் பேரோடு சேர்த்து எழுதிவிடுவார்கள்: ககோ.

என்ன, எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? புரட்சி இந்த வேற்றுமையைச் சட்டத்திலிருந்து துடைத்தது. அந்தக் கலவர நாட்களில் ககோக்கள் பதிவேடுகள் இருந்த இடங்களுக்குள் புகுந்து தங்கள் பிறப்புப் பதிவுகளை எரித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. குடியானவன் கடன் பத்திரத்தை எரித்தான். இவன் பிறப்பை எரித்தான். ஆனால் ஊர் வாயை எரிக்க முடியவில்லை. பேர் சொல்லி ஏசுவதும், பெண் கொடுக்க மறுப்பதும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. அந்தப் பக்கவாசல்கள் சில இன்றும் சுவரில் இருக்கின்றன, கல் வைத்து அடைத்தபடி.

பாபாசாகேப் அம்பேத்கர் 1954 அக்டோபரில் வானொலியில் பேசியபோது, சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற தன் தத்துவத்தைப் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து கடன் வாங்கவில்லை, புத்தரிடமிருந்து எடுத்துக்கொண்டேன் என்று வலியுறுத்திச் சொன்னார். இதைச் சிலர் வெறும் தன்மானப் பேச்சு என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மூன்றாவது சொல்லைச் சட்டத்தால் கொண்டுவர முடியாது என்பதை அறிந்தவர் அவர். கல் வைத்து அடைத்த வாசலைப் பார்த்தால் அது புரிகிறது.

மறுபக்கம், 'அது பூர்ஷ்வாப் புரட்சி, விடுங்க தோழர்' என்று கையை உதறுகிறவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. அந்தக் காகிதம் யாருக்காக எழுதப்படவில்லையோ அவர்களே அதை எடுத்துப் படித்துப் பார்த்துவிட்டார்கள். சான் டொமிங் தீவில், ஐரோப்பா கரைத்துக் குடித்த சர்க்கரையில் பெரும்பங்கை விளைவித்த ஏறத்தாழ 5 லட்சம் ஆப்பிரிக்க அடிமைகள், 1791 ஆகஸ்டில் கரும்புக்காட்டுக்குத் தீ வைத்தார்கள். பாரிஸ் அடிமைமுறையை ஒழித்தது 1794 பிப்ரவரி 4 அன்று. அதற்கு முன்பே தீவில் அது ஒழிந்துகொண்டிருந்தது. 1801 டிசம்பரில் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டுவரப் பட்டாளம் அனுப்பினான். டூசான் லூவெர்தூரை வஞ்சகமாகப் பிடித்துப் பனிமலைக் கோட்டையில் அடைத்தார்கள். 1803 ஏப்ரலில் அங்கேயே செத்துப்போனார். ஆனால் பட்டாளமும் தோற்றது. 1804 ஜனவரி 1, ஹைட்டி.

இப்போது பேரேட்டைத் திறக்கிறேன். 1825 ஏப்ரல். மறுபடி சிம்மாசனத்தில் ஒரு பூர்பான், பத்தாம் சார்லஸ், தலை போன அரசனின் தம்பி. அந்த ஒரே மாதத்தில் இரண்டு இழப்பீடுகள். ஒன்று, புரட்சியில் நிலம் பறிபோன ஓடிப்போன பிரபுக்களுக்கு, சுமார் 100 கோடி பிராங்க். இன்னொன்று, அடிமைகளையும் தோட்டங்களையும் இழந்த எஜமானர்களுக்கு 15 கோடி பிராங்க். இதைக் கட்ட வேண்டியது விடுதலையான ஹைட்டி. துறைமுகத்துக்கு எதிரே போர்க்கப்பல்களை நிறுத்தி வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். தன்னைத் தானே விலைக்கு வாங்கு என்பது உத்தரவு.

முதல் தவணைக்கே கையில் பணமில்லை. பாரிஸ் வங்கியிடம் 3 கோடி கடன். கையில் கொடுத்தது 2 கோடி 40 லட்சம். மிச்சம் 60 லட்சத்தைக் கொடுக்கும்போதே பிடித்துக்கொண்டார்கள். வட்டி மட்டும் முழு 3 கோடிக்கு. நம்மூர்க் கந்துவட்டிக்காரனும் முதல் வட்டியைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பான்; அவன் வாசலில் பீரங்கி மட்டும் இருக்காது. 1838-ல் மொத்தத் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். கடன், கடனை அடைக்கக் கடன் என்று அந்தச் சங்கிலி இருபதாம் நூற்றாண்டு வரை நீண்டது. சாட்டையடி பட்டவனுக்கும், கப்பலிலேயே செத்தவனுக்கும் எந்தப் பக்கத்திலும் வரவு இல்லை. 1848-ல் மிச்சக் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்தபோதும் இழப்பீடு எஜமானர்களுக்கே போனது.

2003-ல் ஹைட்டியின் அதிபர் அரிஸ்தீத், அந்தப் பணத்தை வட்டியோடு திருப்பித் தா என்று பிரான்சிடம் கேட்டார். 2,100 கோடி டாலருக்கு மேல், சென்ட் வரைக்கும் கணக்குப் போட்டுக் கேட்டார். அந்தச் சென்ட் கணக்கைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அடுத்த பிப்ரவரியில் அவர் பதவியில் இல்லை, நாட்டிலும் இல்லை. 2025 ஏப்ரல் 17, உத்தரவு போட்டு சரியாக 200 வருஷம். பிரெஞ்சு அதிபர் மக்ரோன், இரு நாட்டு வரலாற்றாசிரியர்களைக் கொண்டு இதை ஆராய ஒரு குழு அமைப்பதாக அறிவித்தார். பணத்தைத் திருப்பித் தருவது பற்றி அந்த அறிவிப்பில் ஒரு வரி இல்லை.