வாசலில் நிற்கும் அம்பாசிடர்

மாமனார் ஆசையாக வாங்கிய அம்பாசிடர் எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. ஷெட் கிடையாது. அந்தக் கார் தயாரிப்பதை 2014-லேயே நிறுத்திவிட்டார்கள். விற்க இவருக்கு மனசு வரவில்லை. ஆகவே காவல் வேலை என் தலையில்!

முதலில் வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்தோம். 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டைப் பக்கத்து மரங்களைச் சாய்த்தபோது, ஒரு கிளை கார் மேலேயே விழுந்தது. அதிலிருந்து மரத்தடியே வேண்டாமென்று விட்டோம்.

தார்ப்பாயை வண்டி மேல் அப்படியே போர்த்தாதீர்கள். உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். நாலு கம்பு நட்டு, பந்தல் மாதிரி சரிவாகக் கட்டுங்கள். மழை விட்டதும் மடிப்பில் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிடணும். ஒரு வாரம், பத்து நாள் கிடந்தால் டெங்கு கொசு உற்பத்தியாகிவிடும். வண்டியை ஓட்டாத நாட்களில் பேட்டரி ஒயரைக் கழற்றி வைப்பது நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியம் பூட்டு. 2022 ஜூனில் நெல்லை மாவட்டம் பணகுடி அருகே, நிறுத்தியிருந்த காருக்குள் ஏறி விளையாடிய மூன்று குழந்தைகள், கதவைத் திறக்க முடியாமல் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். செய்தியைப் படித்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். எங்கள் காரின் பின்கதவு பூட்டாமலே கிடந்தது! எதிர்வீட்டு வாண்டுகள் கண்ணாமூச்சி ஆடுவது அந்த இடத்தில்தான். வயிறு கலங்கிவிட்டது. வெயிலில் நிற்கும் கார் கொஞ்ச நேரத்தில் அடுப்பாகிவிடுமே!

இப்போது நாலு கதவும் டிக்கியும் பூட்டி, சாவி உயரமான ஆணியில் தொங்குகிறது. குழந்தையைக் காணோமென்றால் கிணற்றடியைப் பார்க்கும் கையோடு காருக்குள்ளும் பாருங்கள், சகோதரிகளே!