‘தெரியாது’ என்னும் துணிவு

மனிதன் பொன்னையும் பொருளையும் பூட்டி வைக்கின்றான். அவற்றினும் கருத்தாக அவன் பூட்டி வைப்பது தன் குறையை. அக்குறையினால் எழும் நாணமும் அச்சமும் அதனோடு சேர்ந்தே உள்ளத்தில் அடைபட்டுக் கிடக்கின்றன. பூட்டி வைத்த பொன் வளர்வதில்லை; பூட்டி வைத்த குறையோ நாள்தோறும் வளர்கின்றது.

புதுக்கோட்டைக்கு அருகே குடுமியான்மலை என்னும் பழம்பதி உள்ளது. இசைக் கல்வெட்டினால் புகழ்பெற்ற அவ்வூர்க் கோயிலைப் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. இறைவனுக்குரிய மாலையை அர்ச்சகர் ஒருவர் தம் அன்புக்குரிய பெண்ணுக்குச் சூட்டிவிட்டார். எதிர்பாராமல் மன்னன் வழிபட வந்தான். அம்மாலையே அவனுக்கு அளிக்கப்பட்டது. அதில் ஒரு தலைமயிர் இருக்கக் கண்டு, “இஃது எவ்வாறு வந்தது?” என்று மன்னன் வினவினான். நடுங்கிய அர்ச்சகர், “இறைவனுக்குக் குடுமி உண்டு” என்று கூறிவிட்டார். மன்னன் அதனைக் காண விரும்பவே, இறைவன் அர்ச்சகருக்கு இரங்கிச் சிவலிங்கத்தில் குடுமி தோன்றச் செய்தான் என்பர். சிகாநாதர் என்னும் திருப்பெயருக்கு இதுவே காரணமாகக் கூறப்படுகின்றது.

கதையில் இறைவன் காத்தான். நம் வாழ்வில் நாம் கூறும் ஒவ்வொரு பொய்க்கும் ஒரு குடுமி முளைப்பதில்லை. முதற்பொய்யைக் காக்க இரண்டாம் பொய்யை நாமே தேட வேண்டியிருக்கின்றது. அர்ச்சகரைப் பொய் கூறச் செய்தது எது? அச்சமே அன்றோ? “பிழை செய்துவிட்டேன், அஞ்சுகின்றேன்” என்னும் சில சொற்களே அவர் நாவில் எழவில்லை.

அச்சமும் நாணமும் மனிதரைப் பொய்யில் மட்டுமன்றி அறியாமையிலும் நிறுத்திவிடும். அவற்றை வென்றவர்களின் வரலாற்றையும் புதுக்கோட்டை மாவட்டமே நமக்குத் தருகின்றது. 1991ஆம் ஆண்டில் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. வயது வந்தோருக்கு எழுத்தறிவு புகட்டுவது அதன் நோக்கம். பகலெல்லாம் வயலிலும் கல்குவாரியிலும் உழைத்த பெண்கள் மாலை வேளையில் எழுத்துக் கற்க அமர்ந்தனர். தொண்டர்கள் அவர்களுக்குக் கற்பித்தனர்.

இதில் என்ன அருமை உளது என்று எண்ணாதீர். எழுத்தறியாதவர் தமக்கு வந்த கடிதத்தைப் பிறரிடம் கொடுத்தே படிக்கச் சொல்ல வேண்டும். அவர்தம் வீட்டுத் துயரம் அயலார் வாய்வழியே அவர் செவிக்கு வரும். எழுதியிருப்பது இன்னதென அறியாமலே தாளில் கைந்நாட்டு வைக்க வேண்டும். இந்நிலையில் பல்லாண்டு வாழ்ந்த ஒரு தாய், தன் மகனையொத்த இளைஞன் முன் அமர்ந்து, “எனக்குத் தெரியாது; கற்றுக்கொடு” என்று கேட்பது எளிய செயலா? எழுதுகோலைப் பிடிப்பதற்கு முன்னரே அவள் ஒரு வெற்றி பெற்றுவிட்டாள். அது தன் நாணத்தின்மேல் பெற்ற வெற்றி.

அந்நாளில் மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள், பெண்கள் மிதிவண்டி பழகுவதையும் அவ்வியக்கத்தோடு இணைத்தார். எழுத்துப் பிழையைக் கையால் மூடி மறைக்கலாம். மிதிவண்டி பழகுவோர் விழுவதை மறைக்க முடியுமா? தெருவார் காணவே விழ வேண்டும்; நகைப்பொலியைக் கேட்டுக்கொண்டே எழ வேண்டும். ஆயிரக்கணக்கான பெண்கள் அவ்வாறு எழுந்தனர். பெண்களுக்கான வண்டி கிடைக்காதபோது ஆண்களுக்குரிய வண்டியிலும் ஏறிச் சென்றனர். குழந்தையை முன்கம்பியில் அமர்த்திக்கொண்டு, பேருந்துக்குக் காத்திராமல் தம் பணிக்குத் தாமே சென்றனர்.

குறையை ஒப்புக்கொள்வது குறையோடு அமைந்துவிடுவதாகாதா என்று சிலர் ஐயுறலாம். ஆகாது. நோயை மருத்துவரிடம் கூறுபவன் நோயை விரும்புபவன் அல்லன். நிறைவுடையவன் போல் நடிப்பவனுக்கு முன்னேற இடமில்லை. குறையுடையேன் என்று உணர்ந்தவனுக்கே அடுத்த படி கண்ணுக்குத் தெரிகின்றது.

மாணவர்களே! “விளங்கிற்றா?” என்று ஆசிரியர் வினவும்போது, விளங்காமலே தலையசைப்பவர் உங்களுள் இல்லையா? நண்பன் பரிசு பெறும்போது உள்ளத்தில் எழும் பொறாமையை மறைத்துவிட்டுப் பின்னர் அவனைப் பழித்துரைப்பவர் இல்லையா? பொறாமை எழுவதே பெருங்குற்றமன்று. அதற்கு வேறு பெயர் சூட்டி வளர்ப்பதே குற்றம். ‘எனக்குப் பொறாமையாக இருக்கின்றது’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்பவன் அதன் வலிமையில் பாதியைப் போக்கிவிடுகின்றான். உள்ளத்து உணர்ச்சிகளையெல்லாம் ஊரறியக் கூற வேண்டுவதில்லை. பெற்றோர், ஆசிரியர், நல்ல நண்பர் ஆகியோருள் ஒருவரிடம் கூறினாலும் போதும். உங்களிடமே பொய்யுரையாதிருத்தல் மட்டும் என்றும் வேண்டும்.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளுங்கள். ஒருவன் தன் குறையைக் கூறும்போது எள்ளி நகைப்பவன், கேட்டு நிற்கும் பத்துப் பேரின் வாயையும் அடைத்துவிடுகின்றான். உண்மை கூறுபவனுக்குத் துணிவு வேண்டும். கேட்பவனுக்குப் பரிவு வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த வகுப்பில் ‘தெரியாது’ என்னும் சொல் இழிவாகாது. அது கல்வியின் முதற்சொல்லாக விளங்கும்.