பொன்னாடை யாருக்கு உரியது?

ஆண்டுத் திருவிழா வந்துவிட்டால், நெகிரி செம்பிலான் தோட்டப்புற ஆலயங்களில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். உபயகாரர்களுக்கும் சிறப்பு வருகையாளர்களுக்கும் மாலை அணிவித்துப் பொன்னாடை போர்த்துவார்கள். ஒலிபெருக்கியில் அவர்தம் பெயர்கள் பட்டங்களோடு ஒன்றுக்கு இருமுறை ஒலிக்கும். அதே வேளையில், விடியற்காலைப் பூசை தொட்டு வாசித்துக் களைத்த நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் ஆலயத்தின் பக்கவாட்டில் பந்திக்காகக் காத்திருப்பர். அழைப்பிதழில் அவர்களுக்குக் கிடைத்த இடம் "மங்கள வாத்தியம்" என்னும் இரண்டு சொற்களே. கொடுத்தவரைப் போற்றுவது நம் மரபு. அதில் குறை காண அடியேன் முற்படவில்லை. ஆனால் இசைக்குரிய சிறப்பு யாருக்கு என்ற கேள்வியைத் தெய்வத்தின் திருமுன்னரே கேட்டாக வேண்டிய காலம் வந்துவிட்டது.

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. சென்னை மியூசிக் அகாடமி 1942 முதல் 'சங்கீத கலாநிதி' என்னும் பட்டத்தை வழங்கி வருகிறது. கருநாடக இசையுலகில் அதற்கு மேலான மகுடம் இல்லை என்றே பலரும் கருதுவர். அந்த நீண்ட பட்டியலில் நாதஸ்வரக் கலைஞர் இருவரே உள்ளனர்: 1956இல் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளை, 1998இல் ஷேக் சின்ன மௌலானா. தவில் வித்துவான் ஒருவர்கூட இல்லை. தோடி என்றாலே நினைவில் எழுபவரும், திருவாவடுதுறை ஆதீனத்தார் 1947 ஆகஸ்டில் புதுதில்லி சென்றபோது உடன் சென்று வாசித்தவருமான திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு அப்பட்டம் கிட்டவில்லை. அவர் 1956 டிசம்பரில் மறைந்தார். காருகுறிச்சி அருணாசலத்திற்கும் கிட்டவில்லை. 'கொஞ்சும் சலங்கை' படத்தின் வாயிலாக அவரது வாசிப்பைக் கேட்டு மெய்ம்மறந்தோர் நம் தோட்டங்களிலும் உண்டு. யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தெட்சணாமூர்த்தியின் பெயரும் அப்பட்டியலில் இல்லை.

ஷேக் சின்ன மௌலானாவை இங்கே தனியே நினைக்க வேண்டும். இசுலாமியராகப் பிறந்து, திருவரங்கத்தில் குடியேறி, அரங்கனின் சந்நிதியைத் தம் இசையால் வழிபட்டவர் அவர். அத்தகையவருக்கே எழுபதைக் கடந்த பின்னர்தான் பட்டம் வந்தது. அடுத்த ஆண்டே அவர் காலமானார்.

மேலை நாட்டாரும் இதில் தவறியவர்களே. அமெரிக்காவில் 'ராக் அண்டு ரோல்' இசைக்கென ஒரு புகழ்மண்டபம் உண்டு. 1986இல் முதல் தொகுதியினர் அதில் சேர்க்கப்பட்டனர். பாடகர்களுக்குப் பின்னால் நின்று மத்தளமும் கிதாரும் வாசித்தவர்களுக்கென்று தனிப் பிரிவு தோன்ற 2000ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. தேவாலயப் பாடல்களை மின்கிதாரில் இசைத்து அவ்விசை பிறக்கவே வழிகோலிய சிஸ்டர் ரொசெட்டா தார்ப் என்னும் கறுப்பினப் பெண்மணி 1973இல் இறந்தார். அவர் பெயர் அங்கே ஏறியது 2018இல்.

சபையில் பாடகர் நடுநாயகமாக வீற்றிருப்பார், ஏனையோர் பக்கவாத்தியம். ஆலயத்தின் கணக்கு வேறு. சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டையில் மல்லாரி எழுந்தாக வேண்டும். தேருக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று என்று வகுத்து வைத்தனர் முன்னோர். வைகறையில் பூபாளம். கச்சேரியில் பாடகர் வராவிட்டால் சீட்டுப் பணத்தைத் திருப்பித் தரலாம். மேளம் வராவிட்டால் உற்சவ மூர்த்தி மண்டபத்திலேயே காத்திருக்க வேண்டியதுதான்! தவில்காரர் அருகே மூச்சு விடாமல் ஒத்து ஊதிய மனிதரை இன்று சுருதிப்பெட்டி விழுங்கிவிட்டது. அவரைப் பற்றி எந்தப் பட்டியலும் பேசியதில்லை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். பகாவ் வட்டாரத் தோட்டம் ஒன்றின் ஆலயத்தில் பல்லாண்டு தவில் வாசித்த பெரியவரை நான் அறிவேன். இருள் பிரியுமுன் பிரட்டுக்குப் போய், நண்பகல் வரை பால்மரம் வெட்டி, வாளி சுமந்து, குளித்து உடைமாற்றி வந்து, வலக்கை விரல்களில் கூடுகளை மாட்டிக்கொண்டு அமர்வார். உளிக்கத்தி கீறிய தழும்புகள் மேலேயே அந்தக் கூடுகள் ஏறும். திருவிழாவின் பத்து நாளுக்கு அவர் பெற்றது ஒரு வேட்டி, ஒரு துண்டு, பிரசாதத் தட்டு. கூலி கேட்டதில்லை. தோட்டம் வீடமைப்புத் திட்டத்திற்கு வழிவிட்டபோது சிரம்பான் அடுக்குமாடி ஒன்றுக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். அங்கே வாசித்துப் பழகவும் வழியில்லை. அண்டை வீட்டார் உறக்கம் கெடும் அல்லவா?

பின்னர் அவ்வாலயத்தின் விழா மலர் ஒன்று வெளியாயிற்று. தலைவர், செயலாளர், பொருளாளர், நன்கொடையாளர், வாழ்த்துரை வழங்கியோர் என எல்லோர் படமும் அதில் இருந்தது. பெரியவரின் படம் இல்லை. அந்த மலரைத் தொகுத்த குழுவில் அடியேனும் ஒருவன். அச்சுக்குப் போகும்வரை அவர் நினைவு எங்களில் ஒருவருக்கும் எழவில்லை.

தப்புக் கலைஞர்கள் நிலை இதனினும் கொடிது. கரகம் எழ அவர்கள் வேண்டும், தீமிதிக்கு அவர்கள் வேண்டும். ஆனால் சாதியின் பெயரால் ஆலய வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட கதைகளை மூத்தோர் இன்றும் தாழ்ந்த குரலில் சொல்வர். மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவித்தது. தில்லிக்குக் கேட்ட அந்த ஓசை நம் ஆலய நிர்வாகங்களின் செவிக்கு எட்டாதா?

"தோட்டத்துத் தவில்காரரும் ராஜரத்தினம் பிள்ளையும் ஒன்றா?" என்று சிலர் வினவக்கூடும். ஒன்றல்லர். வித்துவத்துக்குரிய மகுடம் வேறு, தொண்டுக்குரிய சிறப்பு வேறு. முன்னதைச் சபைகள் தீர்மானிக்கட்டும். பின்னதைத் தீர்மானிக்கும் உரிமையும் கடமையும் ஆலயத்துக்கே உண்டு. அதற்காக மேளம் தூக்கியவர் அனைவருக்கும் பொன்னாடை என்று நான் சொல்லவில்லை. அம்மன் இரதம் நடுவீதியில் நிற்க, திரைப்பாட்டு மெட்டில் ஆட்டம் போட்டுக்கொண்டிருக்கும் உறுமிமேளக் குழுக்களைக் காணும்போது நெஞ்சு கசக்கிறது. ஆயினும் அவ்விளைஞரிடையே முறையாகக் கற்று, விரதம் இருந்து, சாமிக்கு முன் அடக்கத்தோடு வாசிப்போரும் உளர். பிரித்தறிந்து போற்றினால் மற்றவரும் திருந்துவர்.

செய்ய வேண்டியது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. உபயகாரர் பெயர் பொறித்த பளிங்குக்கல் ஏறத்தாழ எல்லா ஆலயங்களிலும் உண்டு. அதன் அருகே இன்னொரு கல் வையுங்கள். அவ்வாலயத்தில் நாதஸ்வரம், தவில், ஒத்து, தாளம், உறுமி, தப்பு வாசித்தோர், மார்கழியில் பஜனைக் குழுவை நடத்தியோர், தாலாட்டும் கும்மியும் பாடிய அன்னையர் ஆகியோரின் பெயர்கள் அதில் இடம்பெறட்டும். திருவிழா மேடையில் முதல் மாலை மேளக்காரருக்கே விழட்டும். சிறப்பு வருகையாளர் ஐந்து நிமிடம் பொறுத்திருப்பார். தமிழகத்துக் கலைஞரை வரவழைக்கும் ஆலயங்கள், உடன் அமர்ந்து வாசிக்க உள்ளூர்ப் பிள்ளை ஒருவருக்கேனும் இடம் தரட்டும்.

பெயர் திரட்டும் பணியை இவ்வாண்டே தொடங்க வேண்டும். லாபு, நீலாய், செண்டாயான் பக்கம் பால்மரக் காடுகள் இருந்த இடத்தில் இன்று வீடுகள் வரிசையாக நிற்கின்றன. லயங்களில் வாழ்ந்தோர் திசைக்கொருவராய்ப் பிரிந்துவிட்டனர். அந்தப் பெரியவரின் பெயரை அறிய முன்னாள் தோட்டத்தார் நால்வரை அண்மையில் விசாரித்தேன். நால்வரும் முகம் மலர, "தவுல்காரத் தாத்தாவா?" என்றனர். அவருடைய இயற்பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. சிரம்பானில் அவர் மகன் வீட்டு முகவரியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.