களவு போனதை உரியவருக்கு மட்டும் சொல்லுங்கள்!

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில், திருத்தணிக்கு முன்னால் வருகிறது கனகம்மாசத்திரம். ஊரின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது.

வழிப்போக்கருக்குச் சத்திரம் கட்டுவது அந்தக் காலத்துத் தர்மம். "உங்கள் விவரம் களவு போய்விட்டது, ஜாக்கிரதை!" என்று எச்சரிப்பது இந்தக் காலத்துத் தர்மம்.

அதைச் செய்வதிலும் முறை இருக்கிறது.

ஊரறியச் செய்த திருடர்கள்

2021-ம் ஆண்டு. 'டோமினோஸ்' பீட்சா நிறுவனத்தின் இந்திய வாடிக்கையாளர் விவரங்கள் திருடு போயின. பெயர், டெலிபோன் எண், வீட்டு முகவரி எல்லாம் போயின.

திருடர்கள் அதோடு விடவில்லை. ஒரு தேடும் பக்கத்தையே திறந்து வைத்தார்கள். யாருடைய எண்ணைக் கொடுத்தாலும் அவர் வாங்கிய விவரம் வரும்! தனியாக வாழும் பெண்ணின் முகவரியை எவனும் பார்க்கலாம். என்ன கொடுமை!

காதோடு சொன்னவர்

அதே களவைப் பற்றி இன்னொருவரும் சொன்னார். அவர் ஆஸ்திரேலியாவின் டிராய் ஹன்ட். 2013 டிசம்பரில் 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற எச்சரிக்கைச் சேவையைத் தொடங்கியவர்.

அங்கே இ-மெயில் முகவரியைக் கொடுத்தால், எந்த நிறுவனத்தில் களவு போனது என்று தெரியும். வீட்டு முகவரி வராது. மானம் போகக்கூடிய விஷயம் என்றால், உரியவரின் தபால் பெட்டிக்கு மட்டுமே பதில் போகும்.

செலவு கட்டுப்படியாவது எப்படி?

ரகசியச் சொல் களவு போனதா என்றும் பார்க்கலாம். உங்கள் கம்ப்யூட்டரே அதை 40 எழுத்துக் குறியீடாக மாற்றும். முதல் 5 எழுத்து மட்டுமே வெளியே போகும். அந்த 5 எழுத்தில் தொடங்கும் களவுக் குறியீடுகள் எல்லாம் திரும்பி வரும். ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் வீட்டிலேயே!

இதற்கு மொத்தம் 10,48,576 அறைகள் கொண்ட அலமாரி போதும். பதில்களை முன்கூட்டியே நகல் எடுத்துப் பல நாடுகளில் வைத்துவிடலாம். செலவு குறைவு. தனி மனிதருக்கு இலவசம். இ-மெயில் முகவரிகளை மொத்தமாகக் கேட்பவருக்குக் கட்டணம். சத்திரத்துத் தர்மமும் இதுதானே? வசதி உள்ளவர் கொடுக்க, வழிப்போக்கர் உண்டார்.

நமக்கு என்ன வேண்டும்?

இந்தியாவின் 2023-ம் ஆண்டுச் சட்டம், விவரத்தைப் பறிகொடுத்த நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. சொல்லத் தவறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை. விதிகள் 2025 நவம்பரில் வந்தன.

நல்லது. ஆனால், நிறுவனம் வாய் திறக்கும்வரை மக்கள் காத்திருக்க முடியுமா? அதற்குள் மோசடிக்காரன் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பணத்தைப் பறித்துவிடுவானே!

பூக்கடை அம்மாவுக்கு இ-மெயில் இல்லாமல் இருக்கலாம். செல்போன் இருக்கிறது. ஆகவே, செல்போன் எண்ணைக் கொண்டு, தமிழில் பதில் சொல்லும் சேவையை அரசு நடத்த வேண்டும். பதில் அந்த எண்ணுக்கு மட்டுமே போக வேண்டும். தேவைக்கு மேல் ஒரு விவரத்தையும் சேர்த்து வைக்கக் கூடாது.

அதுவரை? ஒரே ரகசியச் சொல்லை இரண்டு இடத்தில் வைக்காதீர்கள். பணம் பறிபோனால் உடனே 1930-க்கு டெலிபோன் செய்யுங்கள்.

களவைத் தண்டோரா போடுவது உதவி ஆகாது. உரியவர் காதில் சொல்வதே உதவி!