பெற்றவளுக்கும் பிடித்த நிறம் உண்டு

பெற்றோராகிய நம் எல்லாரிடமும் ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது. நானும் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அந்த உரிமையில்தான் போடுகிறேன்.

தீபாவளிக்கோ ரம்சானுக்கோ ராமநாதபுரம் அரண்மனைப் பக்கத்து ஜவுளிக்கடைகளில் நடப்பதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். முதலில் பிள்ளைகளுக்கு. மூத்தவனுக்கு ஜீன்ஸ், சின்னவளுக்குக் கவுன், அது பிடிக்காமல் இன்னொன்று. பிறகு வீட்டுக்காரருக்கு, மாமனார் மாமியாருக்கு, நாத்தனார் பிள்ளைக்கு. எல்லாம் முடிந்து பில் போடப் போகும்போது, கைக்கு அகப்பட்ட ஒரு சேலை பெற்றவளுக்கு. சில வருடம் அதுவும் இல்லை. "எனக்கு என்னத்துக்கு, இருக்கிறதே போதும்" என்று அவளே சொல்லிவிடுகிறாள். கேட்ட நமக்கும் நிம்மதி. அப்படிச் சொல்கிறவளையும், அதைக் கேட்டுச் சும்மா இருக்கிறவர்களையும் சேர்த்தே கண்டிக்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் இதே பெண், சேலைக்கு வளையல் நிறம் சேரவேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்கியவள். அந்தக் கண் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. மகளின் பட்டுப்பாவாடைக்கு அவள் கரை பார்க்கும்போது கவனியுங்கள். மாம்பழ மஞ்சளுக்கு அரக்கா, மயில்கழுத்தா என்று அதே கண்தான் எடைபோடுகிறது. தனக்கென்று வரும்போது மட்டும் மூடிக்கொள்கிறது. எந்நேரமும் நைட்டியே போதும் என்றாகிவிடுகிறது.

நைட்டியைக் குறை சொல்ல வரவில்லை. பிரசவம் உடம்பையே மாற்றுகிறது. கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஏறத்தாழ 6 வாரம். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பால் கட்டும், ஒழுகும், ராத்திரியில் நாலு தடவை எழ வேண்டும். நம் ஊர்க் கடற்கரைப் புழுக்கத்தில், முன்பக்கம் ஜிப் வைத்த பருத்தி நைட்டி பெரிய உபகாரம். ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் தோகலப்பள்ளி என்ற கிராமத்துப் பெரியவர்கள் 2018-ல் பகலில் நைட்டி அணியக் கூடாது என்று தடை போட்டு, மீறினால் 2,000 ரூபாய் அபராதம் என்றார்கள். அந்த மாதிரிப் பஞ்சாயத்தில் நான் சேர மாட்டேன். பிடித்து உடுத்தினால் நைட்டியும் நல்ல உடைதான். பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகும், தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, வேறு எதை எடுத்து உடுத்தவும் தனக்கு இனி உரிமை இல்லை என்று ஒருத்தி நினைத்துக்கொள்கிறாளே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நினைக்க வைப்பது யார்? நாம்தான். "ரெண்டு புள்ள பெத்தாச்சு, இன்னமும் குமரின்னு நெனப்பா?" இதைச் சொல்லாத வீடு எத்தனை? "யாருக்குக் காட்ட இந்தச் சோடிப்பு?" என்பது அடுத்தது. இந்தக் கேள்விக்குப் பதில் கீழக்கரையில் இருக்கிறது. அங்கே முஸ்லிம் பெண்களுக்கு வெளியே போக முன்பு வெள்ளைத் துப்பட்டி, இப்போது பெரும்பாலும் கறுப்புப் புர்கா. ஆனால் கல்யாண வீட்டில் பெண்கள் மட்டும் கூடியிருக்கும் கூடத்துக்குள் போய்ப் பாருங்கள். நிறமும் சரிகையும் வளையலுமாக, பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட அத்தனை அழகாக உட்கார்ந்திருப்பார்கள். பார்க்க ஒரு ஆண்கூட அங்கே இல்லை. தனக்குப் பிடித்ததற்காகவும், கூட இருக்கும் அக்கா தங்கச்சிகள் "நல்லாருக்கே" என்று சேலையைத் தொட்டுப் பார்ப்பதற்காகவும் உடுத்துகிறார்கள். அது போதாதா?

தாயானவள் அடங்கித்தான் உடுத்த வேண்டும், அதுதான் மரபு என்கிறவர்களுக்கு நம் அப்பத்தாக்களை நினைவுபடுத்துகிறேன். பின்கொசுவம் வைத்துக் கட்டிய கண்டாங்கி. காது தோள் வரை தொங்க, அதில் பாம்படமோ தண்டட்டியோ. கையில் பச்சை குத்தியிருக்கும். ஏழெட்டுப் பெற்ற பிறகும் பாம்படத்தோடுதான் காட்டுக்குக் களையெடுக்கப் போனார்கள். வயதாகிவிட்டது, கழற்று என்று யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள். முடைக்கு அடகு வைத்தால், திருப்பிய அன்றைக்கே காதில் ஏறிவிடும். இந்த அடக்கம் நாம் இடையில் எடுத்துக்கொண்டது. அப்பத்தா தலையில் கட்ட வேண்டாம்.

இன்றைக்கும் பாம்பன் பக்கமும் பாரதிநகர் பக்கமும் கடலில் முங்கிப் பாசி எடுக்கும் பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் சட்டையோ டி-சர்ட்டோ போட்டுக்கொள்கிறார்கள். பாறை அறுக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றுகிறார்கள். கண்ணுக்குக் கண்ணாடி. பிள்ளை பெற்ற பெண்கள்தான் பலரும். தன் உடம்புக்கும் வேலைக்கும் எது வேண்டும் என்று தானே தீர்மானித்த உடை அது. அந்தத் துணிவில் ஒரு பங்கை, கரையில் இருக்கும் நாம் பீரோவுக்கு முன்னால் நிற்கும்போது காட்டக் கூடாதா?

பீரோ என்றதும் ஜாக்கெட் ஞாபகம் வருகிறது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் பேறுகால விடுப்பு 12 மாதம். ஒரு வருடம் கழித்து வேலைக்குக் கிளம்பும் காலையில்தான் பலருக்கு அழுகை வருகிறது. எந்த ஜாக்கெட்டும் கை ஏறாது. "பழைய உடம்பு வரட்டும்" என்று பூட்டி வைக்கிறார்கள். அது வரும்வரை உங்களுக்குப் பிடித்த சேலைகள் ஏன் இருட்டில் கிடக்க வேண்டும்? நல்ல தையல்காரர் பக்கத் தையலில் இரண்டு விரல் துணியாவது உள்ளே மடக்கி விட்டிருப்பார். பிரித்து விடச் சொல்லுங்கள். போதாவிட்டால் அக்குளுக்குக் கீழே துணி சேர்க்கலாம். அதுவும் ஆகாதென்றால் கல்யாணச் சேலைக்கு வேறு நிறத்தில் ஒரு பருத்தி ஜாக்கெட் புதிதாகத் தையுங்கள். பழைய அளவு ஜாக்கெட்டைக் கொடுக்காமல், நேரில் நின்று இன்றைய உடம்புக்கு அளவு கொடுங்கள். அந்த உடம்பு ஒரு உயிரைச் சுமந்து பெற்றது. அதன் அளவைச் சொல்ல எதற்குக் கூச்சம்? சேலையே வேண்டாம், சுடிதார்தான் வசதி என்றால் அதையும் தயங்காமல் போடுங்கள். தலைமைச் செயலகப் பெண்களுக்கே 2019-ல் வந்த ஆணை சேலை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார் மூன்றையும் ஏற்கிறது. நம் தெருவுக்கு அதைவிடப் பெரிய சட்டம் எதற்கு?

காசில்லை என்கிறீர்களா? பல வீடுகளில் அது நிஜம்தான். ஆனால் நான் கேட்பது விலையை அல்ல, தேர்வை. பரமக்குடியிலும், வைகைக்கு அக்கரையில் எமனேஸ்வரத்திலும் சௌராஷ்டிர நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தறி போடுகிறார்கள். கைத்தறிச் சங்கங்கள் இருக்கின்றன. நம் மாவட்டத்திலேயே நெய்த நூல் சேலை, வியர்வையை இழுக்கும், துவைக்கத் துவைக்க மெதுவாகும், பிள்ளை முகம் புதைத்துத் தூங்கலாம். வருடத்துக்கு ஒன்று போதும். ஆனால் நிறத்தை அவள் சொல்ல வேண்டும்.

மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதையும் மறக்காதீர்கள். இன்றைக்கு அவளுக்குப் பாவாடை, பாசி, பூ என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். அம்மாவைப் பார்த்து, இந்த ஆசையெல்லாம் பிள்ளை பெறும் வரைதான் என்றும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்.

அப்பாக்களே, உங்களுக்குத் தனியாக. நீங்களே ஒரு சேலையை வாங்கி வந்து நீட்டுவது அன்புதான், மறுக்கவில்லை. இந்த முறை அதைச் செய்யாதீர்கள். பணத்தை அவள் கையில் கொடுங்கள். பிள்ளைகளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவளை முதலில், கடை திறந்த நேரத்தில், கூட்டம் சேருமுன் அனுப்புங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போன் போட்டு "இன்னும் முடியலையா" என்று கேட்காதீர்கள். அவள் எடுத்து வந்த நிறம் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். போகட்டும்.