ஆடு தொடாத செடியும் நாம் தொடாத ஏடும்

மேயாத தழை இல்லை எனப் பெயர்பெற்ற வெள்ளாடும் வாய்வைக்கத் தயங்கும் செடி ஒன்று உண்டு. கசப்பு மிகுந்த அதன் நீண்ட இலையையும் வெண்ணிறப் பூவையும் நம் ஊர் வேலியோரங்களில் காணலாம். ஆடு தொடாமையால் ‘ஆடுதொடா’ என்றாகி, ஆடாதோடை என வழங்கிற்று என்பர். 1753இல் லின்னேயஸ் இதற்குச் சூட்டிய தாவரவியற் பெயரிலும் ‘அதடோடா’ என்று அச்சொல்லே ஒலிக்கிறது.

இருமல், சளி, இளைப்பு ஆகியவற்றுக்குச் சித்த மருத்துவர் இதனை மணப்பாகாக்கித் தந்தனர். யூனானி ஹக்கீம்கள் ‘அடூசா’ என்னும் பெயரால் ஆண்டனர். உதகையில் பணியாற்றிய டேவிட் ஹூப்பர் என்னும் வேதியியலறிஞர் 1888இல் இதன் இலையிலிருந்து வாசிசின் என்னும் ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்தார். அதன் அமைப்பை அடியொற்றி ஆக்கப்பெற்ற மருந்தே ப்ரோம்ஹெக்சின்; அது உடலினுள் மாற்றமுற்றுத் தருவது அம்ப்ராக்சால். இன்று மருந்துக்கடையில் நாம் விலை கொடுத்து வாங்கும் சளி மருந்துகள் பலவற்றின் மேலுறையில் இப்பெயர்களைக் காணலாம்.

நாணத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். செடிகொடிகளின் பெயர்களை வகுப்பறையில் பல்லாண்டு விளக்கியுள்ளோம். ஆயினும், “ஐயா, ஆடாதோடை எப்படியிருக்கும்?” என்று மாணவர் ஒருவர் வினவியபோது விடையின்றி நின்றோம். அன்றாடம் கடந்துசெல்லும் வேலியிலேயே அது நிற்பதைத் தோட்டக்காரர்தாம் காட்டித் தந்தார்.

சொல் தெரிந்து பொருள் தெரியாத இக்குறை சிறிதன்று. நம் மரபறிவைப் பிறர் தமதெனக் கொள்ளும்போது அதனைத் தடுக்கும் கருவி பழைய நூலே ஆகும். மஞ்சளின் புண்ணாற்றும் தன்மைக்கு 1995இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை, நம் நாட்டு நூற்சான்றுகளால் 1997இல் நீக்கப்பட்டது. 2001இல் தொடங்கப்பெற்ற இந்திய மரபறிவு மின்னூலகம், தமிழ்ச் சித்த நூல்களையும் அரபு, பாரசீக, உருது மொழிகளிலுள்ள யூனானி நூல்களையும் இதன் பொருட்டே தொகுத்தது. ஏட்டுச் சொல்லுக்குரிய செடியை ஐயமின்றிச் சுட்டுவோர் இல்லையேல் அச்சான்று வலுவிழக்கும். தமிழ் கற்றாரும் தாவரவியல் கற்றாரும் கூடிச் செய்ய வேண்டிய பணி இது.

எனினும், பழமை என்பதனாலேயே எதுவும் தீங்கற்றதாகிவிடாது. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். ஆதலின் கருவுற்ற மகளிர் ஆடாதோடையைத் தவிர்த்தல் வேண்டும். இருமல் இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால், கஷாயத்தையே நம்பிக் காத்திராமல் சளியைப் பரிசோதித்தல் வேண்டும். காசநோயை உரிய காலத்தில் கண்டறிய அதுவே வழி.

மாணவச் செல்வங்களே! நம் வளாகத்துச் செடிகள் ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப்பெயரும் தாவரவியற் பெயரும் எழுதிய பலகை வைப்போம். ‘ஆடாதோடைக்குப் பாடாத நாவும் பாடும்’ என்பது பழமொழி. பாடுவது பிறகு ஆகட்டும். முதலில் செடியைக் கண்டு அதன் பெயர் சொல்லப் பழகுவோம்.